பையில் இருந்த பெர்மிற்

இடம்பெயரேக்க எதை முதல் தூக்கினனீங்கள் எண்டு வன்னிச் சனத்திட்டக் கேட்டால், ஒரு பையைத்தான் சொல்லுவினம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், அதோட காணி பெர்மிற். அந்தப் பெர்மிற்றில் பின்னுரித்தாளர் பெயர் எழுத ஒரு இடம் உண்டு. எங்களில் சிலரின் வீட்டில் அது இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது.

இந்தக் கடதாசியின் கதை 1935 இல் தொடங்குகிறது. அந்த ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் அரச காணி விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. 1936 இல் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்க, யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பங்கள் காடு வெட்ட வந்தன. அவர்கள் அறிந்த வழக்கம் தேசவழமை. 1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தது. அதில் மகள்களுக்குச் சீதனம், மகன்களுக்கு முதுசம்.

பெர்மிற் காணிக்கு அந்த வழமை செல்லாது. காணி துண்டுதுண்டாகக் கூடாது என்பதே அரசின் கவலை; ஆகவே உரிமையும் ஒருவரிடமே போகவேண்டும். பெயர் குறிக்காமல் இறந்தால் வாழ்க்கைத்துணைக்கு. துணையும் இல்லையென்றால் சட்டத்தின் அட்டவணைப்படி. அதில் மகன்கள் முதல், மகள்கள் பிறகு. சீதனம் வாங்கிப் பழகிய சமூகத்தின் பெண்பிள்ளைகள் இங்கே வரிசையில் பின்னுக்குப் போனார்கள். அந்த வேறுபாட்டை நீக்கும் திருத்தம் 2022 வரை வரவில்லை.

2009 க்குப் பிறகு இன்னொரு சிக்கல். உரிமை மாற மரணம் நிரூபிக்கப்பட வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவருக்கு எந்தத் திகதியை எழுதுவது? 2010 இன் 19 ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்கும் மரணச் சான்றிதழ் எடுக்க வழிவிட்டது. பல தாய்மார் மறுத்தார்கள். 2016 இல் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் வந்தது. அதை வைத்துச் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம், அவ்வளவுதான். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தாய்மார் வீதியில் குந்தினது சான்றிதழுக்காக இல்லை, பிள்ளைகள் எங்கே என்று கேட்க.

எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவும் அப்படித்தான். பெர்மிற் அம்மப்பாவின் பெயரில். மகன் வெளிநாட்டில். அம்மம்மாவோட இருந்து தோட்டம் செய்யிறது மகள். “அவர் வந்து எழுதட்டும்” எண்டு சொல்லிப் பையைக் கட்டி வைப்பா அம்மம்மா. அவவைப் பிழை சொல்ல எங்களுக்கு வாய் வராது.

ஆனால் பெர்மிற்காரர் உயிரோட இருக்கிற வீடுகள் இருக்கே! பின்னுரித்தாளரை எந்த நேரமும் குறிக்கலாம், மாற்றலாம். அவர் இறக்க முன்னம் அது பதியப்பட்டிருக்க வேணும். வழிமுறையைப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். உறுதிக் காணியென்றால் மரணசாசனம்: 1840 ஆம் ஆண்டுச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், நொத்தாரிசு இல்லாட்டி ஐந்து சாட்சிகள்.

இதைக் கதைச்சால் “வாயைக் கழுவு” எண்டு பேச்சு விழும். விழட்டும். இந்த முறை வீட்ட போகேக்க அந்தப் பையை ஒருக்கா அவிழ்த்துப் பார்ப்பம்.