வெர்டெக்ஸ்: கோடு திரும்பும் புள்ளி

கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் ஏரிக்கரையை வரைபவர், கோடு திரும்பும் இடமெல்லாம் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போகிறார். அந்தப் புள்ளிதான் வெர்டெக்ஸ்.

மூலம் லத்தீன். 'திருப்பு' எனப் பொருள்படும் வெர்டெரே என்ற வினையிலிருந்து பிறந்த இச்சொல் முதலில் நீர்ச்சுழலைக் குறித்தது. பிறகு மயிர் சுழித்து நிற்கும் உச்சந்தலைக்கும், அங்கிருந்து மலைமுகட்டுக்கும் ஏறியது. வோர்டெக்ஸ் இதன் உடன்பிறப்பு. வடிவியலில் மூலைப்புள்ளிக்கு இதுவே பெயராயிற்று. தமிழ்க் கணக்குப் பாடநூல்கள் 'உச்சி' என்கின்றன. தமிழிலும் உச்சி தலையின் நடுவைக் குறிக்கும் சொல்தான்.

வரைபடத் திருத்தத்தில் உயரம் மறைந்து, பழைய 'திருப்பம்' மீண்டும் தலைதூக்குகிறது. 'வெர்டெக்ஸ் டூல்' கொண்டு புள்ளியை நகர்த்தலாம். கோட்டுத்துண்டின் நடுவில் தோன்றும் கூட்டல் குறியைச் சொடுக்கிப் புதிதாகச் சேர்க்கலாம். டெலீட் விசையால் நீக்கலாம். 'டோபாலஜிக்கல் எடிட்டிங்' இயக்கத்தில் இருந்தால், இரு வயல்களுக்குப் பொதுவான வரப்பின் புள்ளியை நகர்த்தும்போது இரண்டின் எல்லையும் சேர்ந்தே மாறும். இடையில் சந்து விழாது.

2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் இணைய வரைபடத்தில் இப்புள்ளிக்கு 'நோட்' என்று பெயர். முடிச்சைச் சொல்லும் லத்தீன் 'நோடுஸ்' அதன் வேர். அங்கே ஒரு கோட்டில் அதிகபட்சம் 2,000 நோட்கள் இருக்கலாம். அதற்கு மேல் போனால் கோட்டைப் பிரித்தாக வேண்டும்.