நுரைக்களி

காற்றில் தானே உலர்ந்து இறுகும், எடை மிகக் குறைந்த செயற்கைக் களி. நீர், பாலிவினைல் ஆல்கஹால் போன்ற பாலிமர், வாயு நிறைந்த நுண்கோளங்கள் ஆகியவை இதன் முக்கியக் கூறுகள். அந்த நுண்கோளங்களே எடையைக் குறைக்கின்றன. சூளையோ அடுப்போ வேண்டாம். நீர் ஆவியானால் போதும். மெல்லிய வார்ப்பு ஒரு நாளில் உலரும். தடித்ததற்குப் பல நாள் பிடிக்கும்.

குழந்தைகளின் கைவினைப் பொருளான இது, கதாபாத்திர வேடம் புனையும் காஸ்ப்ளே கலைஞர்களிடமும் பரவியது. கவசத்தின் பெரும்பரப்பை ஈ.வி.ஏ. நுரைத்தகட்டில் வெட்டி ஒட்டிவிட்டு, கொடிவேலைப்பாடு, கொம்பு, செதில் போன்ற புடைப்புகளை இக்களியில் வனைவார்கள்.

கொம்பு செய்ய, அலுமினியத் தாளைக் கசக்கி உள்கூடாக்கி, அதன்மேல் களியை மெல்லப் போர்த்துவார்கள். ஈரவிரலால் தடவினால் கைரேகையும் ஒட்டுவரியும் மறையும். தண்ணீர் மிகுந்தால் மேற்பரப்பு குழைந்து பிசுபிசுக்கும். உலரும்போது களி சுருங்குவதால் இணைப்பில் கீறல் விழும். அதை மீண்டும் களியால் அடைத்து, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தூசு மூக்கில் ஏறும், முகக்கவசம் கட்டாயம். அவசரப்பட்டுச் சூடுகாட்டுவது பெருந்தவறு: மேல்தோல் முந்திக் காய்ந்து வெடித்துவிடும்.

உலர்ந்த களி சற்று வளையும், ஆனால் ஈரம்பட்டால் இளகக்கூடும். ஆகவே வண்ணத்துக்கு முன் நெகிழும் அடிப்பூச்சு அவசியம். மீந்ததைக் காற்றுப்புகாத பையில் வைப்பார்கள்.