நூறு யென் கடையும் டோங்கியும்

ஜப்பானில் வெளியூர் போனவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. அலுவலகத்தாருக்கும் உறவினருக்கும் அவர் வாங்கிவரும் பண்டத்துக்கு ‘ஒமியாகே’ என்று பெயர். நமக்கும் அந்தப் பழக்கம் உண்டு. டோக்கியோ போகும் தமிழர் கையில் சித்தி, அத்தை, அலுவலக நண்பர்கள் என்று பதினைந்து பெயராவது இருக்கும். செலவைக் குறைக்க அவர் நாடும் கடைகள் இரண்டு: டைசோ, டான் கிஹோத்தே. பின்னதை உள்ளூரில் டோங்கி என்பார்கள்.

இரண்டுமே ஆள் பற்றாக்குறையில் உருவெடுத்த கடைகள். டைசோவைத் தொடங்கிய ஹிரோதாகே யானோ, லாரியில் சரக்கு ஏற்றி ஊர் ஊராக விற்றவர். ஒவ்வொன்றுக்கும் விலைச்சீட்டு ஒட்ட நேரமில்லாமல் எல்லாமே நூறு யென் என்று சொல்லிவிட்டார். டோங்கியின் தகாவோ யசுதா 1978-இல் டோக்கியோவில் ஒரு சிறு கடை வைத்தார். கிடங்கு இல்லாததால் சரக்கைக் கூரைவரை அடுக்கினார். இரவில் தனியாக அடுக்கிக்கொண்டிருந்தபோது வழிப்போக்கர்கள் உள்ளே வந்தார்கள். இரவு வியாபாரம் பிறந்தது. டான் கிஹோத்தே என்ற பெயரில் முதல் கடை 1989-இல் ஃபுச்சுவில் திறந்தது.

இன்று நாம் மிச்சம் பிடிக்கும் வழியும் அந்தப் பிறப்பிலேயே இருக்கிறது. டைசோவில் விலையைப் பார்க்க வேண்டாம், எண்ணிக்கையைப் பார்த்தால் போதும். 10 சதவீத வரியோடு ஒன்று 110 யென். பதினைந்து பேருக்கு 1,650 யென். 200, 300, 500 யென் பொருள்களும் உண்டு, அவற்றின் மேல் விலை அச்சிட்டிருக்கும். சாப்பாட்டுக் குச்சிகள், தெனுகுயி என்ற பருத்தித் துண்டு, பூ வரைந்த சிறு கிண்ணம், அலங்கார ஒட்டுத்தாள் எல்லாம் பெட்டியில் இடம் அடைக்காதவை. பலவும் சீனாவில் செய்தவை. ஆகவே பின்பக்கம் திருப்பி, ‘ஜப்பானில் செய்தது’ என்று பொருள்படும் ‘日本製’ என்ற மூன்று எழுத்துகள் உள்ளதை எடுங்கள். அத்தைக்கு நூறு யென்னில் ஜப்பானியக் கிண்ணம் கொடுப்பதில் குறைச்சல் ஏதுமில்லை.

தின்பண்டம் வாங்க டைசோ எனக்குச் சரிப்படவில்லை. பொட்டலம் சிறியது, ஒரு துண்டுக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்த்தால் டோங்கியின் பெரிய பைதான் பெரும்பாலும் மலிவு. மாட்சா கிட்கேட் பையில் ஒவ்வொரு துண்டும் தனித்தனி உறையில் இருப்பதால் பங்கிடவும் எளிது. (மே மாதத்தில் சென்னைக்குச் சாக்லேட் கொண்டுவராதீர்கள். சைவர்களுக்கு வாங்கும் மிட்டாயில் ஜெலட்டின் இருக்கிறதா என்றும் பாருங்கள்.) முகப்பூச்சு, கண் சொட்டு மருந்து போன்றவையும் டோங்கியில் ஏராளம்.

ஆனால் டோங்கியில் விலை ஒரே சீராக இருக்காது. கொள்முதலும் விலையும் பெருமளவு அந்தந்தக் கடையின் பொறுப்பு. டோக்கியோவின் ஷிபுயாவில் கண்ட விலை அடுத்த பேட்டையில் மாறும். குவித்து வைத்த சரக்கு கண்ணை இழுக்கும், கூடை தானாக நிரம்பும். ஒரே நாளில் ஒரே கடையில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்கு வாங்கினால் வெளிநாட்டுப் பயணிக்கு வரிவிலக்கு உண்டு. பலர் இழப்பது இங்கேதான். தின்பண்டத்துக்கு வரி 8 சதவீதம்; 5,000 யென்னுக்கு மிச்சம் 400 யென். அந்த வரம்பைத் தொடுவதற்காக வேண்டாத பொருளை 800 யென்னுக்கு வாங்கினால் 400 யென்னுக்கு மேல் நட்டம்.

2026 நவம்பர் 1 முதல் கடையில் வரியையும் சேர்த்துக் கட்டிவிட்டு, நாட்டைவிட்டுக் கிளம்பும்போது சுங்கச் சரிபார்ப்புக்குப் பின் திரும்பப் பெறும் முறை வருகிறது. அதற்கு விமான நிலையத்தில் நேரம் ஒதுக்க வேண்டும்.

என் தீர்ப்பு: டைசோதான் முதலில். பட்டியலில் பாதிப் பெயர்களை அங்கேயே அடித்துவிட்டு, மீதிக்கு மட்டும் டோங்கிக்குப் போங்கள். போகும்போது பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிடாதீர்கள். அது கையில் இல்லாமல் வரிவிலக்கு கிடையாது.