கம்பியில் சுற்றும் கார்

தெருமுனை சிக்கன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆறு மணி. கண்ணாடிப் பெட்டிக்குள் நெருப்பு. நீளக் கம்பியில் வரிசையாகக் கோத்த கோழிகள், அவசரமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வேகவேண்டும் என்றால் வேறு வழி கிடையாது. நெருப்பு சுற்றாது. கோழிதான் சுற்றவேண்டும்.

சரி. இப்போது கோழியை இறக்கிவிட்டு, அந்தக் கம்பியில் ஒரு காரை மாட்டுங்கள்.

சிரிக்காதீர்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பழைய கார்ப் பித்தர்கள் வீட்டுக் கொட்டகையில் செய்துகொண்டிருப்பது சாட்சாத் இதைத்தான். எஞ்சின், சக்கரம், சீட், கண்ணாடி, பெட்ரோல் டாங்க் எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறார்கள். மிஞ்சுகிற வெற்று இரும்புக் கூட்டை, முன்னால் ஒரு ஸ்டாண்ட் பின்னால் ஒரு ஸ்டாண்ட் என்று தூக்கி மாட்டுகிறார்கள். கையால் தள்ளினால் கார் மல்லாக்கத் திரும்புகிறது. இன்னொரு தள்ளு தள்ளினால் பழையபடி நிமிர்கிறது. இந்தச் சாதனத்துக்குப் பெயர்கூட 'ரொட்டிசரி'தான். இறைச்சி வாட்டி விற்கும் கடைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர்.

சமையலறையில் இந்தக் கம்பிக்கு நீண்ட சரித்திரம் உண்டு. முதலில் வேலைக்காரப் பையன்கள் அடுப்பருகே உட்கார்ந்து வியர்க்க வியர்க்கச் சுற்றினார்கள். இங்கிலாந்தில் அதற்கென்றே குட்டைக்கால் நாய்களை வளர்த்து, சுவரில் மாட்டிய சக்கரத்துக்குள் ஓடவிட்டார்கள். லியனார்டோ டாவின்சி ஒரு படி மேலே போய், புகைபோக்கியில் ஏறும் சூட்டில் விசிறி சுழன்று, அதுவே கம்பியைத் திருப்பும்படி படம் வரைந்து வைத்தார். கறி ஒருபக்கம் தீயாமல் இருக்க இத்தனை பாடு.

ஆனால் காரை எதற்குத் திருப்பவேண்டும்? அடியில் வேலை இருந்தால் படுத்துக்கொண்டு பார்க்கவேண்டியதுதானே?

இதற்குப் பதில் வேண்டுமென்றால் 1922-க்குப் போகவேண்டும்.

அதற்கு முன்னால் கார் என்பது ஏறக்குறைய மாட்டுவண்டி மாதிரிதான். கீழே கனமான ஒரு சட்டம். அதுதான் சேஸி. எஞ்சின், சக்கரம் எல்லாம் அதில். மனிதர்கள் உட்காரும் கூண்டு தனி. அதைச் சட்டத்தின்மேல் தூக்கி வைத்து போல்ட் போட்டுவிடுவார்கள். பல சமயம் சேஸி ஒரு கம்பெனி, கூண்டு இன்னொரு பட்டறை. கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிறார்களே, அந்த மாதிரி. கூண்டு துருப்பிடித்தால் கழற்றி எறிந்துவிட்டு வேறு கட்டிக்கொள்ளலாம். சட்டத்துக்கு ஒன்றும் ஆகாது.

1922-ல் இத்தாலியின் வின்சென்ஸோ லான்சியா, 'லாம்டா' என்ற காரை பாரிஸ் கண்காட்சியில் கொண்டுவந்து நிறுத்தினார். அதில் தனியாகச் சட்டமே இல்லை. கப்பலின் அடிக்கூடு எப்படி மொத்தக் கனத்தையும் தானே தாங்குகிறதோ, அதே போல உடம்பே பாரத்தைத் தாங்கியது. எடை குறைந்தது. கார் தரையோடு தாழ்ந்து, வளைவுகளில் ஒட்டிக்கொண்டு ஓடியது.

பன்னிரண்டு வருடம் கழித்து, 1934-ல், பிரான்ஸில் ஆந்த்ரே சித்ரோயன் அதைப் பெரிய அளவில் செய்தார். அமெரிக்காவின் எட்வர்ட் பட் என்பவரின் கம்பெனி, இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவமாக்கி, புள்ளி புள்ளியாக மின்சார வெல்டிங் வைத்து ஒட்டும் வித்தையில் கில்லாடி. அந்த வித்தையை வாங்கி 'ட்ராக்ஷன் அவான்' காரைக் கொண்டுவந்தார் சித்ரோயன். உடம்பு எவ்வளவு உறுதி என்று காட்டுவதற்காக மேட்டிலிருந்து ஒரு காரை உருட்டிவிட்டுப் படம்கூட எடுத்தார்கள். கார் பிழைத்தது. மனிதர்தான் பிழைக்கவில்லை. ஏற்கெனவே கடனில் இருந்தவரைப் புதிய காரின் செலவு கவிழ்த்துவிட்டது. அதே வருடம் டிசம்பரில் கம்பெனி திவால். 1935 ஜூலையில் அவர் இறந்துபோனார். கார் மட்டும் 1957 வரை தயாரானது.

அதற்குப் பிறகு உலகமே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. 1935-ல் ஜெர்மனியின் ஓப்பல் ஒலிம்பியா. 1948-ல் இங்கிலாந்தின் மோரிஸ் மைனர். நம்ம அம்பாசடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டும் இந்த ஜாதிதான்.

லாபம் எல்லாம் சரி. விலை என்ன?

முதுகெலும்பை எடுத்து உடம்பெங்கும் கரைத்து விட்டுவிட்டார்கள். இதுதான் விலை. காரில் ஏறும்போது கதவுக்குக் கீழே ஒரு விளிம்பு இருக்கும், பார்த்திருப்பீர்கள். வாசற்படி மாதிரி. வெளியே பார்க்க வெறும் தகடு. உள்ளே அது மூடிய நீளப் பெட்டி. காரின் முன்பாதியையும் பின்பாதியையும் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் அதுதான். மூடிய பெட்டிக்குள் பெயின்ட் போகாது. தண்ணீர் போகும். வெல்டிங் வைத்த இரண்டு தகடுகளுக்கு இடையே தலைமுடி அளவு சந்து இருக்கும். அங்கேயும் பெயின்ட் போகாது, தண்ணீர் போகும். குளிர்தேசத்தில் பனி உருக ரோட்டில் உப்பு வேறு கொட்டுகிறார்கள். உப்புத் தண்ணீரில் இரும்பு எவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்கும் என்று கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களைக் கேளுங்கள்.

மேலே பளபளவென்று பாலிஷ் போட்டு நிற்கும் கார், அடியில் அப்பளமாக நொறுங்கிக்கொண்டிருக்கும். இங்கே அரித்தது வெறும் தகடு அல்ல. எலும்பு. 1977-ல் பிரிட்டன், கார்களுக்கான வருடாந்தரச் சோதனையில் உடம்பின் உறுதியையும் சேர்த்தது. எஞ்சின் நன்றாக ஓடுகிறதா என்பது மட்டும் போதாது என்று ஆயிற்று. முக்கியமான இடத்தில் அரித்திருந்தால் ஃபெயில். எத்தனையோ கார்கள் எஞ்சினில் உயிர் இருக்கும்போதே காயலான் கடைக்குப் போயின.

இதில் ஒரு கொடுமையைக் கேளுங்கள். 1980-ல் பிரிட்டிஷ் பத்திரிகைகளில் ஒரு கார் நாறியது. எஞ்சினைத் தாங்கும் சட்டம் உடம்போடு சேரும் இடத்தில் துரு. கம்பெனியே பழைய கார்களைத் திரும்ப வாங்கி அழிக்கவேண்டி வந்தது. அந்தப் பெயர் மறுபடி எழவே இல்லை. 1994-ல் பிரிட்டன் சந்தையை விட்டே போய்விட்டது. எந்தக் கம்பெனி தெரியுமா? லான்சியா. சட்டமில்லாத காரை உலகத்துக்குக் காட்டிய அதே லான்சியா.

ஆக, பழைய காரைக் காப்பாற்ற நினைப்பவருக்குப் போர்க்களம் காரின் அடிப்பக்கம். அங்கே படுத்துக்கொண்டு வெல்டிங் வைத்துப் பாருங்கள். உருகிய இரும்பு உங்கள் கழுத்தில் சொட்டும். கிரைண்டர் தூள் கண்ணுக்கு வரும். பற்றும் சரியாக இறங்காது. நம்ம ஊர் டிங்கரிங் பட்டறையில் பழைய டயர்களைப் போட்டு, நாலு பேர் சேர்ந்து காரை ஒருக்களித்துச் சாய்ப்பதும் இதற்காகத்தான். ரொட்டிசரி அதையே ஒற்றை ஆள் செய்யும் ஏற்பாடு.

செய்வது பிரம்ம வித்தை இல்லை. கனமான சதுர இரும்புக் குழாயில் இரண்டு ஸ்டாண்ட். எஞ்சினை மாட்டிச் சரிபார்க்கும் ரெடிமேட் ஸ்டாண்ட் இரண்டை வாங்கி, உயரத்தைக் கூட்டிக்கொள்பவர்களும் உண்டு. கார் கவிழும்போது கூரை தரையில் இடிக்கக்கூடாதல்லவா? ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், இறுக்கம் இல்லாமல் சுழலும்படி. வெளிக்குழாயில் ஓட்டை போட்டு ஒரு பூட்டு போல்ட். எந்தக் கோணத்தில் வேண்டுமோ அங்கே நிறுத்திக்கொள்ளலாம். கூட்டின் முன்னும் பின்னும் பம்பர் மாட்டும் இடங்களில் பிடிமானம். இரண்டு ஸ்டாண்டுகளும் விலகிப்போகாமல் இருக்க நடுவே நீளமாக ஒரு குழாய். அவ்வளவுதான்.

சூட்சுமம் ஒன்றே ஒன்று. அச்சு எந்த உயரத்தில் போகவேண்டும்?

கனம் அச்சுக்குக் கீழே இருந்தால், கார் தொட்டில் மாதிரி ஆடி ஆடிப் பழைய நிலைக்கே வரும். கவிழ்க்க இரண்டு பயில்வான்கள் வேண்டும். கனம் அச்சுக்கு மேலே இருந்தால் இன்னும் மோசம். பூட்டைத் தளர்த்திய நொடியில் தானாகவே கவிழும். சுமார் 300 கிலோ இரும்பு. பக்கத்தில் நிற்பவர் கதி? அதனால்தான் பிடிமானத்தை மேலும் கீழும் நகர்த்தும்படி வைக்கிறார்கள். கொஞ்சம் தூக்கு, தளர்த்து, பார். கொஞ்சம் இறக்கு, பார். கையை எடுத்த இடத்திலேயே கார் அசையாமல் நின்றால், அச்சு சரியாக எடையின் மையத்தில் போகிறது என்று அர்த்தம். அதன்பிறகு ஒரு விரலால் திருப்பலாம்.

இன்னொரு எச்சரிக்கை. அரித்துப்போன வாசற்படியை வெட்டி எடுக்கும் முன்னால், கதவு இருந்த இடத்தில் குறுக்கே குழாய் வைத்துப் பற்றவைக்கவேண்டும். மறந்தால், முதுகெலும்பு இல்லாத உடம்பு நடுவில் தொய்ந்துவிடும். புதுத் தகட்டைப் பற்றவைத்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்து, ஆசையாகக் கதவைச் சாத்தினால் சாத்தாது. ஆறு மாச உழைப்பு அம்பேல்.

'இவ்வளவு பாடு எதற்கு, புது உடம்பே வாங்கிக்கொள்ளலாமே' என்கிறீர்களா? அதுவும் நடந்தது. 1988-ல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற கம்பெனி, தயாரிப்பு நின்று எட்டு வருடமான எம்.ஜி.பி. காருக்குப் பழைய அச்சுகளைத் தேடிப்பிடித்து முழு உடம்பையே புதிதாக அடித்து விற்றது. ஆனால் அந்தப் பாக்கியம் கிடைத்த கார்கள் ரொம்பக் கொஞ்சம். மற்றவற்றுக்குக் கம்பிதான் கதி.

கடைசியாக ஒன்று. காரைக் கம்பியில் சுற்றவேண்டும் என்பதை முதலில் கண்டுபிடித்தவர்கள் கொட்டகை மனிதர்கள் இல்லை. தொழிற்சாலைக்காரர்கள். 1950-களிலேயே பிரிட்டனில் 'ரோட்டோடிப்' என்று ஒரு முறை வந்தது. மோரிஸ், ஆஸ்டின் கார் உடம்புகளின் நடுவே நீளக் கம்பியைச் செருகி, துருத் தடுப்புத் தொட்டிகளுக்குள் புரட்டிப் புரட்டி முக்கினார்கள். மூலை முடுக்கெல்லாம் நனையவேண்டுமே! ஜெர்மனியின் டூர் கம்பெனி செய்யும் நவீன பெயின்டிங் தொட்டிகளிலும் கார்கள் குட்டிக்கரணம் போட்டுத்தான் வெளியே வருகின்றன. இன்றைய கார்கள் முன்புபோல சீக்கிரம் அரிக்காததற்கு இந்த முழுக்கும் ஒரு காரணம்.

நம் வீட்டுப் பாட்டிகளுக்கு இது தெரிந்த விஷயம்தான். காலை நீட்டி உட்கார்ந்து, பச்சைக் குழந்தையைக் குப்புறப் போட்டு, மல்லாக்கப் போட்டு, மடிப்பு மடிப்பாக விலக்கிக் குளிப்பாட்டுவார்கள். பிறந்த அன்று அப்படிக் குளிப்பாட்டப்படாத கார்களைத்தான், ஐம்பது வருடம் கழித்து, யாரோ ஒருவர் தன் கொட்டகையில் கம்பியில் மாட்டி மெதுவாகப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.