கப்பல் இல்லாத சரக்கு

தீவில் வாழும் நமக்குக் கப்பலின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சென்னைத் துறைமுகத்தில் அரிசியும் பருப்பும் மலைபோற் குவிந்திருந்தாலும், ஏற்றி வரக் கலம் இல்லையேல், 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேயரில் கடைகள் வெறுமையாகிவிடும். நம் உடலினுள்ளும் இத்தகைய போக்குவரத்து ஒன்று உண்டு. அது தடைப்படும் அரிய நோய் ஒன்றின் வரலாற்றை இன்று நோக்குவோம்.

நாம் உண்ணும் நெய்யும் எண்ணெயும் நீரில் கரைவதில்லை. ஆதலின், குடலின் சுவரில் புரதத்தோடு சேர்த்துக் கட்டப்பட்ட பின்னரே அவை குருதியை அடைகின்றன. அந்தப் புரதமே கலம், கொழுப்பே சரக்கு. கலத்தில் சரக்கேற்றும் தொழில் பிறவியிலேயே நடைபெறாவிடில், கொழுப்பு குடலிலேயே தேங்கி மலத்தோடு கழிகின்றது. கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் உடலிற் சேர்வதில்லை.

1950-இல் நியூயார்க்கில் பாசன், கார்ன்சுவைக் என்னும் இரு மருத்துவர்கள் பதினெட்டு வயது நங்கை ஒருத்தியைப் பற்றி எழுதினர். அவளது விழித்திரை நலிந்திருந்தது, நடை தள்ளாடியது, குருதியின் செவ்வணுக்கள் முள் முளைத்தனபோல் தோன்றின. குழந்தைப் பருவத்தில் அவளுக்கு இருந்தது கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய் என்றே கருதப்பட்டிருந்தது. அவள் பெற்றோர் உறவுமுறையினர்.

பத்தாண்டுகள் கழித்து, 1960-இல், இந்நோயாளரின் குருதியில் கொழுப்பைச் சுமக்கும் பீட்டா லிப்போபுரோட்டீன் இல்லை என்பதைப் பிரிட்டிஷ் மருத்துவர்கள் கண்டனர். அபீட்டாலிப்போபுரோட்டீனீமியா என்ற பெயர் அதனால் வந்தது. கலத்தில் சரக்கேற்றும் புரதமே குடலில் இல்லை என்பது 1992-இல் வெளிப்பட்டது.

காரணம் முழுதும் விளங்குமுன்னரே சிகிச்சைக்கு வழி பிறந்தது. லண்டனில் முல்லர், லாயிட் முதலியோர் மிகுந்த அளவில் வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்தனர். இளமையிலேயே அதைப் பெற்ற குழந்தைகளின் நரம்பும் பார்வையும் பெரிதும் காக்கப்பட்டன. காலந்தாழ்த்தியோர்க்கு, இழந்தது முழுதும் மீளவில்லை. உணவிற் கொழுப்பைக் குறைப்பதும், மருத்துவர் வகுத்த அளவில் வைட்டமின்களை வாழ்நாள் முழுதும் உட்கொள்வதும் இன்றும் சிகிச்சையாகும்.

தென்னை நிறைந்த இத்தீவுகளில் ஓர் ஐயம் எழக்கூடும். தேங்காயெண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் ஒருவகைக் கொழுப்பு, இக்கலம் இன்றியே கல்லீரலைச் சேரவல்லது. எனினும் அதனால் கல்லீரல் கெடலாம் என்ற அச்சம் உண்டு. ஆகவே அதனை வீட்டு வைத்தியமாகக் கொள்ளலாகாது.

பத்து லட்சத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வரும் நோய் இது. ஆயினும் தாய், தந்தை இருவரும் இதன் மரபுக்கூற்றைத் தாங்கியிருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு இடர் உண்டு. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கமுடைய நாம் இதைக் கருதவேண்டும். தாயகத்தை விட்டு வந்து, சிறு கூட்டமாய் வாழ்ந்து, நமக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்குமிடத்து இக்கருத்து இன்னும் பொருந்தும்.

பாலுண்ணும் குழந்தை எடை கூடாமல், வயிறு உப்பி, எண்ணெய்ப்பசையும் துர்நாற்றமுமாக ஓயாது கழியுமாயின், 'பல் முளைக்கிறது', 'மாந்தம்' என்று நாட்களைக் கழிக்கலாகாது. வேறு நோயாகவும் இருக்கலாம். எதுவாயினும் மருத்துவரே தேர்ந்து சொல்லட்டும். குருதியில் கொலஸ்டிரால் அளவைச் சோதித்தாலே இந்நோய்க்கு முதற்குறிப்புக் கிட்டும். நியூயார்க் நங்கைக்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்துக் கிட்டிய விடையை, நம் குழந்தை முதலாண்டிலேயே பெறலாம் அன்றோ?