வட்டைத் திறக்கும் சாவி யாரிடம்? – ஒரு குட்டி வரலாறு



போன பதிவு திராட்சை பற்றி. இந்தப் பதிவு கொஞ்சம் வறட்சியான சமாச்சாரம். ஆனால் பொறுமையாகப் படித்தால் பென் டிரைவைப் பிடுங்கும்போது கை கொஞ்சம் தயங்கும். அதற்கு நான் கேரண்டி.

கோப்பைத் திறப்பது நமக்கெல்லாம் தெரியும். முதல் வருட சி லேபிலேயே எஃப்ஓப்பன் எழுதிவிட்டோம். கேள்வி அதுவல்ல. அந்தக் கோப்பு குடியிருக்கிற வட்டை, அதாவது ஹார்ட் டிஸ்க்கை, யார் திறக்கிறார்கள்? யார் மூடுகிறார்கள்? ஒரே நேரத்தில் இரண்டு பேர் திறந்தால் என்ன ஆகும்? நம் ஆபரேட்டிங் சிஸ்டம் புத்தகத்தில் ஐநோடு படம் இருக்கிறது, பதினாறு மார்க்குக்கு வரைந்துவிட்டு வரலாம். இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். 1895-இல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாக லோயர்கேம்ப்புக்கு இறங்குகிறது. நம் பக்கம் 14,707 ஏக்கர் இருபோக நெல் அதை நம்பித்தான். மதகைத் திறக்க ஒரு முறை உண்டு, திறக்க ஆள் உண்டு, எவ்வளவு திறந்தோம் என்று எழுதி வைக்க நோட்டு உண்டு. ஆளாளுக்கு மண்வெட்டியோடு போய் மடையை வெட்டினால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது, மேல்மடையில் அடிதடி நடக்கும். வட்டின் வரலாறும் கிட்டத்தட்ட இந்த மடைச் சண்டைதான்.

ஆரம்பத்தில் 'திறப்பது' என்ற பேச்சே இல்லை. 1956-இல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் கணினியின் வட்டில் 24 அங்குல அகலத் தட்டுகள் ஐம்பது. மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். (இன்றைக்கு ஒரு செல்போன் போட்டோவே அதற்குள் அடங்குமா என்பது சந்தேகம்.) எத்தனையாவது தட்டு, எத்தனையாவது தடம், எந்தப் பிரிவு என்று நிரலே முகவரி சொல்ல வேண்டும். நடுவில் காவல்காரர் கிடையாது.

1969-இல் பெல் லேப்ஸில் கென் தாம்சன் யூனிக்ஸை எழுதத் தொடங்கியபோதுதான் ஓர் அழகான யோசனை வந்தது. வட்டும் ஒரு கோப்புதான். 'டெவ்' என்ற அடைவுக்குள் வட்டுக்கு ஒரு பெயர் இருக்கும். சாதாரணக் கோப்பைப் போலவே அதைத் திற, படி, எழுது, மூடு. அனுமதி விதிகளும் அதேதான். 1974 ஜூலையில் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்த 'சிறப்புக் கோப்புகள்' விளக்கமாக வருகின்றன. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் இதனால்தான் வட்டைப் பழுது பார்க்கும் வேலை கர்னலை விட்டு வெளியே வந்து ஒரு சாதாரண நிரலாக மாற முடிந்தது. 1970-களின் கடைசியில் டெட் கோவால்ஸ்கி எழுதிய எஃப்எஸ்சிகே அப்படிப் பிறந்ததுதான்.

அதே காலத்தில் பிசி உலகம் வேறு பாதையில் போனது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் வட்டோடு பேச வேண்டுமென்றால் பயாஸின் 'இன்ட்டரப்ட் 13' தான் வாசல். அனுமதிச் சீட்டெல்லாம் கிடையாது. யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் எழுதலாம். முகவரியில் சிலிண்டருக்கு 10 பிட், தலைக்கு 8 பிட், பிரிவுக்கு 6 பிட். பின்னால் வந்த ஐடிஇ வட்டுகளோ தலைக்கு 4 பிட்தான் ஒதுக்கின. இரண்டிலும் சிறியதை எடுத்துப் பெருக்கிப் பாருங்கள்: 1024 சிலிண்டர், 16 தலை, 63 பிரிவு, பிரிவுக்கு 512 பைட். விடை 52,84,82,304 பைட். 1990-களில் பெரிய வட்டு வாங்கியவர்களும் 528 எம்பிக்கு மேல் பார்க்க முடியாமல் தவித்தது இந்தப் பெருக்கல் கணக்கால்தான்!

வாசல் திறந்தே கிடந்தால் யாராவது நுழைவார்கள் அல்லவா? 1986-இல் லாகூரில் பாசித், அம்ஜத் என்ற சகோதரர்கள் எழுதிய 'பிரெயின்' வைரஸ் ஃப்ளாப்பியின் முதல் பிரிவில் போய் உட்கார்ந்துகொண்டது. அதோடு நிற்கவில்லை. இன்ட்டரப்ட் 13-ஐத் தன் கைக்குள் போட்டுக்கொண்டு, யாராவது அந்த முதல் பிரிவைப் படித்துப் பார்த்தால் ஒளித்து வைத்திருந்த நல்ல பிரிதியை எடுத்துக் காட்டியது. வட்டைத் திறந்து பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. திறந்து காட்டுகிறவன் யார் என்பதைப் பொறுத்தது அது.

சரி, லைப்ரரிக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது.

1993-இல் ரெமி கார்ட் லினக்சுக்காக எக்ஸ்ட்2 கோப்பு முறையைக் கொண்டு வந்தார். கோப்பு முறை வந்தால் கூடவே உருவாக்க ஒரு கருவி, சோதிக்க ஒரு கருவி, திருத்த ஒரு கருவி எல்லாம் வேண்டும். ஒவ்வொன்றிலும் வட்டைத் திறக்கும் வேலையைத் தனித்தனியாக எழுதினால் ஒவ்வொன்றிலும் ஒரு பிழை இருக்கும். எனவே எம்ஐடியிலிருந்த தியோடர் சோ அந்தப் பொது வேலைகளை எல்லாம் ஒரு லைப்ரரியாகத் திரட்டினார். பெயர் லிப்எக்ஸ்ட்2எஃப்எஸ். கார்ட், சோ, ஸ்டீபன் ட்வீடி மூவரும் சேர்ந்து எழுதிய எக்ஸ்ட்2 கட்டுரையிலும் இந்த லைப்ரரி பற்றி ஒரு பகுதி உண்டு.

இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், லைப்ரரி வட்டை நேரடியாகத் தொடுவதே இல்லை. நடுவில் 'ஐஓ மேனேஜர்' என்று ஓர் அட்டவணை. திற, மூடு, பிளாக் அளவை வை, பிளாக்கைப் படி, பிளாக்கை எழுது, மிச்சத்தைத் தள்ளு என்ற செயல்களுக்கான சுட்டிகள்தான் அதில் இருக்கின்றன. யூனிக்சுக்கு ஒரு மேனேஜர். டாசுக்கும் விண்டோஸ் என்டிக்கும்கூடத் தனித்தனியாக எழுதினார்கள். எந்தப் பிளாக்கைத் தொட்டாலும் குறித்து வைக்கிற சோதனை மேனேஜர் ஒன்று. பின்னாளில் 'அன்டூ' மேனேஜர் ஒன்றும் வந்தது. இது எழுதுவதற்கு முன்னால் பழைய பிளாக்கை வேறொரு கோப்பில் பத்திரப்படுத்திவிடும், வேலை சொதப்பினால் பின்னோக்கிப் போகலாம். மேலே இருக்கும் லைப்ரரிக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது. கீழே இருப்பது நிஜ வட்டா, வட்டின் நகலாக இருக்கும் ஒரு கோப்பா என்பதுகூடத் தெரியாது.

திறக்கும்போது என்ன நடக்கிறது? மேனேஜர் சாதனத்தைத் திறக்கும். லைப்ரரி 1024-ஆவது பைட்டுக்குப் போய் அடுத்த 1024 பைட்டைப் படிக்கும். அதுதான் சூப்பர்பிளாக், அந்த வட்டின் ஜாதகம். அதில் ஈஎஃப்53 என்ற அடையாள எண் இல்லாவிட்டால் 'இது என் ஆள் இல்லை' என்று திரும்பிவிடும். இருந்தால் அடுத்தது வசதிப் பட்டியல். தனக்குத் தெரியாத வசதி ஒன்று இருந்து, அது தெரியாமல் படிப்பதே தப்பு என்று குறித்திருந்தால் திறக்கவே மறுக்கும். எழுதினால் மட்டும் தப்பு என்றால் படிக்க மட்டும் விடும். பின்னாளில் வரப்போகும் புதிய வட்டைப் பழைய நிரல் கெடுத்துவிடக் கூடாது என்று அன்றைக்கே யோசித்து வைத்த ஏற்பாடு இது. நம் ஆட்கள் எழுதும் மென்பொருளில் இந்த அடக்கத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. "எனக்குத் தெரியாது, அதனால் தொட மாட்டேன்."

ஜாதகமே அழிந்துபோனால்? சூப்பர்பிளாக்கின் நகல்கள் வட்டில் வேறு இடங்களிலும் இருக்கும். பிளாக் அளவு 4096 பைட் என்றால் முதல் நகல் 32768-ஆவது பிளாக்கில். அந்த எண்ணைச் சொல்லித் திறக்கச் சொன்னால் திறக்கும். செத்துப் போனது என்று நினைத்த எத்தனையோ வட்டுகளைக் காப்பாற்றியது இந்த ஒரு எண்தான்.

அடுத்த பிரச்சினை, ஒரே மடையில் இரண்டு மண்வெட்டி. கர்னல் ஒரு வட்டை மவுன்ட் செய்து வைத்திருக்கிறது, அதன் பிளாக்குகளை நினைவகத்திலும் வைத்திருக்கிறது. அதே நேரத்தில் லைப்ரரி வழியாக இன்னொரு நிரல் அந்த வட்டைத் திறந்து 'பழுது பார்க்கிறது'. கர்னலுக்கு அது தெரியாது. தன்னிடமிருக்கும் பழைய பிரதியை நம்பி மேலே எழுதும். முடிந்தது கதை. 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6-இல் இதற்கொரு பூட்டு வந்தது. வட்டைத் திறக்கும்போது 'எனக்கு மட்டும்' என்ற கொடியைச் சேர்த்துக் கேட்டால், அது ஏற்கெனவே மவுன்ட் ஆகியிருக்கும்போது 'பிசி' என்று பதில் வரும். ஆனால் ஒன்று, கேட்கிறவனுக்குத்தான் இந்தப் பூட்டு. கொடியில்லாமல் திறக்கும் முரடனை அது தடுக்காது.

இப்போது நம் ஊர்க் கதை. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. எல்காட் மூலம் வாங்கிய அந்த லேப்டாப்களில் விண்டோசும் இருந்தது, பாஸ் லினக்சும் இருந்தது. பாஸ் நம் சென்னை சி-டாக் டெபியனிலிருந்து உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. ஒரே வட்டு, இரண்டு எஜமானர்கள். வீட்டில் முதல் கம்ப்யூட்டரே அதுதான் என்ற குடும்பங்கள் நம் பள்ளத்தாக்கில் எத்தனை! அக்காவின் கல்யாண போட்டோ, தம்பியின் ஸ்காலர்ஷிப் சான்றிதழ், எல்லாம் அந்த ஒரு வட்டில்.

விண்டோசின் வட்டுப் பகுதி என்டிஎஃப்எஸ் வகை. அதை லினக்சிலிருந்து படிப்பது எளிது, எழுதுவது நீண்ட காலம் ஆபத்தாகவே இருந்தது. ஆன்டன் அல்டபர்மகோவும் மற்றவர்களும் வளர்த்த லிப்என்டிஎஃப்எஸ் லைப்ரரியை அடிப்படையாக வைத்து, ஹங்கேரிக்காரரான சபோல்ச் சகாச்சிச் என்டிஎஃப்எஸ்-3ஜியை உருவாக்கினார். நிலையான முதல் பதிப்பு 2007 பிப்ரவரியில் வந்தது. இதிலும் அதே மாதிரி ஓர் அட்டவணை: திற, மூடு, நகர், படி, எழுது, ஒத்திசை.

2012-இல் விண்டோஸ் 8 வந்ததும் ஒரு புதுச் சிக்கல். சீக்கிரம் பூட் ஆக வேண்டும் என்பதற்காக, ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாகத் தூங்குவதில்லை. பாதி நினைவை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டு அரைக்கண் மூடிப் படுத்திருக்கும். வட்டை அது மூடவே இல்லை என்று அர்த்தம். என்டிஎஃப்எஸ்-3ஜி திறக்கும்போது அந்தக் கோப்பின் முதல் நான்கு எழுத்தைப் பார்க்கிறது. 'ஹைபர்' என்பதன் அடையாளம் அங்கே இருந்தால் எழுத மறுக்கிறது. 'லினக்ஸில் டி டிரைவ்ல எதுவும் சேவ் ஆக மாட்டேங்குது, வேஸ்ட்' என்று திட்டுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திட்டு வாங்கிக்கொண்டு அது உங்கள் அக்காவின் போட்டோவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, ஐயா :-) அந்தக் கோப்பை அழித்துவிட்டுத் திறக்க ஒரு வழி உண்டு. ஆனால் விண்டோஸ் தூக்கத்தில் வைத்திருந்தது எல்லாம் அதோடு போகும்.

திறப்பதைவிட மூடுவது கஷ்டம். 'எழுது' என்று சொன்னதும் எதுவும் வட்டுக்குப் போய்விடுவதில்லை, நினைவகத்தில் வரிசையில் நிற்கிறது. 'எஃப்சிங்க்' என்று கேட்டால்தான் நிஜமாக எழுதிவிட்டு வந்து சொல்லும். அப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள். 2018-இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக்காரர்கள் ஒன்றைக் கண்டுபிடித்து அதிர்ந்து போனார்கள். வட்டில் எழுதுவது தோற்றால் லினக்ஸ் ஒருமுறை பிழை சொல்லும், பிறகு அந்தப் பக்கங்களைச் 'சுத்தம்' என்று குறித்துவிடும். மறுபடி எஃப்சிங்க் கேட்டால் 'எல்லாம் நலம்' என்று பதில் வரும். தரவோ போயே போய்விட்டது. மறுமுயற்சி செய்தால் சரியாகிவிடும் என்று நினைத்து எழுதிய நிரல் அது. 2019 பிப்ரவரியில் வந்த திருத்தத்தில், பிழை வந்தால் முயற்சிக்காதே, அங்கேயே விழுந்து பதிவேட்டிலிருந்து மீண்டு வா என்று மாற்றினார்கள்.

மடைச் சண்டைக்கும் ஒருவழியாக 2024-இல் ஒரு தீர்ப்பு. லினக்ஸ் 6.8-இல், மவுன்ட் ஆன வட்டில் வேறு யாரும் நேராக எழுதவே முடியாதபடி கர்னலைக் கட்டமைக்க ஒரு தெரிவு சேர்த்திருக்கிறார்கள். எல்லோருக்கும் அதைக் கட்டாயமாக்க முடியவில்லை. காரணம் வேடிக்கையானது: மவுன்ட் ஆன வட்டின் சூப்பர்பிளாக்கில் நேராகப் போய் எழுதும் பழக்கம் எக்ஸ்ட்2 குடும்பத்தின் சொந்தக் கருவிகளுக்கே இருந்தது. வட்டின் பெயரை மாற்றுவது போன்ற வேலைகளைக் கர்னலிடமே கேட்டுச் செய்யும்படி அவற்றை ஒவ்வொன்றாக மாற்றி வருகிறார்கள்.

செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: நிஜ வட்டில் வேண்டவே வேண்டாம். லினக்ஸில் 200 எம்பிக்கு ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்குங்கள். 4096 பைட் பிளாக் அளவு கொடுத்து அதில் எக்ஸ்ட்2 போடுங்கள். பிறகு அதன் முதல் 4096 பைட்டைச் சுழியமாக்கிவிட்டு, 32768 என்ற எண்ணைச் சொல்லிச் சோதனைக் கருவியை ஓட்டுங்கள். என்ன வந்தது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள்.