மலை விருந்தும் பெயரறியா உழவரும்

அந்தந்தப் பருவத்தில் அந்தந்த மண்ணில் விளைவதையே பந்தியில் இடுவது உயர்ந்த விருந்தின் இலக்கணம் என்று ஸ்காட்லாந்து நாட்டு உணவு விடுதிகள் சில இந்நாளில் பெருமை கொள்கின்றன. அந்நாட்டார் ஒருவரால் நம் புனேக்கு அணித்தே உருவான பந்தி ஒன்றின் கதையை அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

ஸ்காட்லாந்தில் பிறந்த சர் ஜான் மால்கம், 1827 முதல் 1830 வரை பம்பாய் மாகாண ஆளுநராக விளங்கியவர். 1829இல் சாத்தாரா அரசர் பிரதாபசிம்மருக்குக் கண்டாலா என்னும் சிற்றூரை ஈந்து, மாற்றாக மகாபலேசுவர மலையைப் பெற்றார். ஆங்கே எழுந்த ஊர் மால்கம்பேட்டை எனப் பெயர் பெற்றது. (மராத்தியரின் 'பேட்' நம் பேட்டையே அன்றோ!) கோடைதோறும் ஆளுநரும் அதிகாரிகளும் மலையேறினர். ஏறியவர்க்குத் தம் நாட்டு உருளைக்கிழங்கும் காய்கறியும் வேண்டியிருந்தன. அவற்றை விளைவித்தோர் யாவர்?

கடல் கடந்து கொண்டுவரப்பட்ட சீன, மலாய்க் கைதிகள்! மலைமேல் அவர்களுக்கெனவே ஒரு சிறை இருந்தது. விலங்கு பூண்ட அக்கைகள் செம்மண்ணில் பாத்தி கட்டின, நீர் பாய்ச்சின. அவர்கள் வளர்த்த காய்கறி துரைமார் மேசையை அணி செய்தது. 1864இல் சிறை மூடப்பட்டது. மால்கமின் பெயர் ஏடுகளில் நிலைத்தது; தோட்டம் போட்டவர் பெயர் ஒன்றையேனும் நாம் அறிந்திலோம்.

இதனைப் படிக்குங்கால் நம் நெஞ்சம் வேறொரு கரையை நாடுகின்றது. அதே நூற்றாண்டில், 1825 தொடங்கி, சென்னை மாகாணத்துக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கப்பலேற்றப்பட்டனர். 1862இல் திருநிலைப்படுத்தப்பெற்ற அந்நகரின் புனித அந்திரேயா பேராலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்ததே. அங்கிருந்தவன் இங்கே கிழங்கு நட்டான். இங்கிருந்தவன் அங்கே செங்கல் அடுக்கினான். நாமோ சம்பளம் பெற்று, குடும்பத்தோடு, விரும்பி வந்த குடிகள். முருங்கைக்காய் கிடைக்கவில்லை என்பதே நம் பெருங்குறை!

ஆங்கிலேயரோடு வந்த ஸ்ட்ராபெர்ரிப் பழமும் அம்மலையில் வேரூன்றிற்று. இன்று அதனை விளைவிப்போர் அவ்வட்டாரத்து மராத்திய உழவர். 2010இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மார்கழி தொடங்கிப் பங்குனி வரை அதன் பருவம்.

சென்ற தை மாதத்தில் குழந்தைகளுடன் மலைக்குச் சென்றிருந்தோம். பாலேட்டில் தோய்ந்த பழத்தைச் சுவைத்துக்கொண்டே, "இங்கே முதன்முதலில் தோட்டம் போட்டவர் பெயர் என்ன?" என்று சிறுமி ஒருத்தி வினவினாள். மால்கமின் பெயரைச் சொன்னோம். "அவரா மண்ணைக் கொத்தினார்?" என்றாள்.